வளைவில் மட்டும் வெயில்

வெயில் வாசற்படியை விட்டு இறங்கிவிட்டிருந்தது. திருமலைசாமி அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றார், ஆனாலும் எந்த நொடியில் இறங்கியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சொல்லிக்கொண்டு போக அது என்ன விருந்தாளியா. காலையில் எதிர்ச்சரிவுத் தேயிலைக்கு மேலே எழுந்து வந்து, முன்வாசல் பாத்தியில் விழுந்து, அங்கே இருக்கிற டெய்சிப் பூக்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, மத்தியானம் சாய்வதற்குள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மலைக்கும் கற்பூரத் தைல மரங்களுக்கும் அந்தப் பக்கம் போய்விடும். எல்லநள்ளியில் ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் வீடு கட்டினவனுக்கு அவ்வளவுதான் வெயில். மற்ற பூவாக இருந்தால் இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை. ரோஜாவோ செவ்வந்தியோ ஒரு தடவை விரிந்தால் உதிர்கிற வரைக்கும் விரிந்தபடியே கிடக்கும், பார்க்க வேண்டியவர் எப்போது வந்தாலும் வரட்டும் என்று. இந்த ஆப்பிரிக்கன் டெய்சிக்கு அந்தப் பொறுமை கிடையாது. வெயில் இருந்தால்தான் முகம் காட்டும். நிழல் விழுந்துவிட்டால் இதழையெல்லாம் மேலே குவித்துச் சுருட்டிக்கொள்ளும். வெள்ளை உள்ளே போய், நடுவில் இருக்கிற அந்த நீலக் கண்ணும் உள்ளே போய், பின்பக்கத்து அழுக்கு ஊதா மட்டும் வெளியே தெரியும். விஷயம் தெரியாதவன் பார்த்தால் வாடிச் செத்துவிட்டது என்றே நினைப்பான். விஷயம் தெரியாதவன். அந்த நினைப்பு அங்கேயே நிற்கட்டும் என்று திருமலைசாமி குனிந்து ஒரு தொட்டியைத் தூக்கினார்.

மொத்தம் பத்துத் தொட்டி. தொட்டி என்று பெருமைக்குச் சொல்வதுதான். மண் தொட்டி இரண்டே இரண்டு, மற்றதெல்லாம் பெயிண்ட் வாளியும் பாதியாக வெட்டின எண்ணெய் டின்னும், அடியில் ஆணியால் ஓட்டை போட்டவை. காலையில் ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்தார். அங்கிருந்து துவைக்கிற கல்லுக்கு மாற்றினார். இப்போது தண்ணீர் டேங்குக்குப் பக்கத்துச் சிமெண்ட் மேடைக்கு. வெயில் நகர நகர இவரும் தூக்கிக்கொண்டு நகர்கிறார். அரவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஷிப்டுக்கு ஷிப்டு சங்குச் சத்தத்துக்கு எழுந்து ஓடின உடம்பு, ரிட்டயரான பிறகு யார் சங்கு ஊதுவார்கள் என்று தெரியாமல் கிடந்தது. இப்போது வெயில் ஊதுகிறது. இந்த வயதில் பெயிண்ட் வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிற ஆளை மேல்வீட்டுக்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? பொழுது போகாமல் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் இன்றைக்குப் பொழுதுபோக்குக்குத் தூக்கவில்லை. வசந்தாமணி வருகிறாள். மகள் ஹேமாவின் பிரசவத்துக்கு என்று ஐந்து மாதத்துக்குப் பெங்களூர் போன மனைவி. ஐந்து மாதம் ஒரு வருஷமாகி, ஒரு வருஷம் இரண்டைப் பிடித்துவிட்டது. நேற்றுக் கோயமுத்தூரில் மாப்பிள்ளை வீட்டில் ஒரு கல்யாணம். முடித்துக்கொண்டு இன்று காரில் ஊட்டி வழியாகப் பெங்களூர் திரும்புகிறார்கள், போகிற வழியில் வீடு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவோம் என்று ஹேமா சொன்னாள். ராத்திரி தங்குவீங்களா என்று இவர் கேட்டதற்கு, "வந்து பேசிக்கலாங்கப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இவர் மூன்று நாளாகத் தொங்குகிறார். கல்யாணத்துக்கு இவரையும் கூப்பிட்டிருந்தார்கள், போயிருக்கலாம். போகவில்லை. அங்கேயே அவளைப் பார்த்துவிட்டால் இங்கே வரவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லாமல் போய்விடும் என்று ஒரு கணக்கு. யாரிடமும் சொல்லக்கூடிய கணக்கு இல்லை அது. முட்டி வலி என்று சொல்லிவைத்தார். சொன்னதனாலோ என்னவோ இப்போது நிஜமாகவே முட்டி வலித்தது.

உள்ளே அடுப்பில் அரிசியும்பருப்புஞ் சாதம் மூடியிருந்தது. நாலு பேருக்கு. குழந்தைக்குக் காரம் ஆகாது என்று மிளகாயைக் குறைத்துப் போட்டு, குறைத்துவிட்டோமே வசந்தாமணிக்கு உறைப்பு வேண்டுமே என்று மறுபடி ஒன்றைக் கிள்ளிப் போட்டு, கடைசியில் யாருக்கும் பிடிக்காத மாதிரி வந்திருந்தது. இரண்டு வருஷமாக ஒரு ஆளுக்கு வைத்து வைத்து, ஒரு ஆளுக்கு எவ்வளவு உப்பு என்பதே கைக்குத் தெரியாமல் போய்விட்டது. ஒரு நாள் கரிக்கும், ஒரு நாள் சப்பென்று இருக்கும், இரண்டு நாளும் இவரேதான் சாப்பிடுவார், யாரைத் திட்டுவது. போன் அடித்தது. கையில் மண்ணோடு ஓடினார். ஹேமாதான். "அப்பா, பர்லியாறுலயே ரொம்ப நேரமா நிக்கறமுங்கப்பா. சீசன் கூட்டம், வண்டி நகரவே மாட்டேங்குது. நீங்க சாப்பிட்டுருங்க." அம்மாவிடம் கொடு என்றார். "பாப்பா அம்மா மடில தூங்கறா, பேசுனா முழிச்சுக்குவா. அப்பா, இன்னொண்ணுங்க, பந்திப்பூர் காட்டு கேட்டை ராத்திரி ஒம்போதுக்கு அடைச்சுருவாங்களாம், இவரு அதே டென்ஷன்ல இருக்கறாரு. பார்க்கலாங்கப்பா, வச்சுடறேன்." வைத்துவிட்டாள். பின்னால் ஒரு ஹாரன் சத்தம், அதற்கும் பின்னால் ஒரு இருமல் கேட்டது. அந்த இருமல் வசந்தாமணியுடையதா? மலை ஏறும்போது அவளுக்கு இருமல் வரும், காது அடைத்தால் இருமுவாள். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கேட் அடைத்தால் என்ன? அடைத்தால் தங்கவேண்டியதுதானே. அடைக்கிறார்கள் என்றால் அவர்கள் அவசரமாகப் போய்விடுவார்கள் என்றும் அர்த்தம் வரும். அந்த அர்த்தத்தை அவர் பக்கத்தில் வர விடவில்லை.

பாத்தி மூடிக்கொண்டது. ஓரத்தில் இருந்து ஆரம்பித்து, நிழல் போகிற போக்கில் வரிசையாக. பாத்தியைத் தூக்கி இடம் மாற்ற முடியாது. முன்வாசல் முழுக்க, கேட்டிலிருந்து படிவரைக்கும், கேரட்டும் பீட்ரூட்டும் போட்டுக்கொண்டிருந்த நல்ல மண்ணை இந்த வருஷம் முழுசாகப் பூவுக்கே விட்டிருந்தார். காலையில் விரிந்தபோது பார்த்திருந்தால் எவரும் ஒரு நிமிஷம் நின்றிருப்பார்கள். போகட்டும், அவள் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. இல்லை, இவருக்குக் காட்டக் கொடுத்துவைக்கவில்லை. எல்லாம் அவள் வைத்துவிட்டுப் போன ஒரே வரிசைச் செடியிலிருந்து வந்தது. போகிற அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "பனி விழுந்தா மேல சாக்குப் போடுங்க" என்றாள், அவ்வளவுதான் சொன்னாள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை, வேளைக்குச் சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. அதனால் சாக்குப் போடுவதை இவர் ஒரு உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டார். டிசம்பரில் புல்லெல்லாம் உப்புப் பூத்தாற்போல வெளுத்துக் கிடக்கிற காலையில் எழுந்து போய்ச் சாக்கை விலக்கிப் பார்ப்பார், பச்சை இருக்கும். இருக்குது, இருக்குது என்று வாய்விட்டுச் சொல்வார். பல நாள், அன்றைக்கு அவர் வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். பிறகு பூ விடாத இளந்தண்டாகப் பார்த்துக் கிள்ளி, ஆற்று மணலில் ஊன்றி, வேர் பிடித்ததும் இலைமக்கும் மணலும் கலந்து வாளிகளில் நட்டு, நுனியைக் கிள்ளிக் கிள்ளிப் புதர் கட்டவைத்தார். முதலில் இரண்டு வாளிச் செடி தண்ணீர் அதிகமாகி வேர் அழுகிப் போனது. இந்தச் செடிக்குக் கொஞ்சம் காயவிட வேண்டும், தினமும் ஊற்றிக் கொஞ்சினால் செத்துப்போகும். அதைப் படித்துக்கொண்டபோது அவருக்கு யார்மீதென்று தெரியாமல் ஒரு கோபம் வந்தது. காயவிட்டால்தான் பூக்குமாம். இரண்டு வருஷம் காய்ந்தாயிற்று, இன்னும் என்ன.

மேடையிலும் வெயில் பாதிக்கு வந்துவிட்டது. விஷயம் தெரியாதவன் என்று நினைத்தோமே, அந்த நினைப்பு மறுபடி வந்து நின்றது, கூடவே ஒரு பழைய பொய்யும். காட்டெருமை. இந்தப் பக்கம் காட்டெருமைக்குப் பஞ்சமில்லை, பொழுது சாய்ந்தால் ரேஷன் கடைவரைக்கும் வரும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வசந்தாமணி அந்த முதல் வரிசையை நட்ட வருஷம் இவர் இன்னும் வேலையில் இருந்தார். இருட்டில் போய் இருட்டில் வருகிற மனுஷனுக்குப் பூ விரிந்ததா மூடியதா என்பதெல்லாம் தெரியாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்து நல்லாருக்குது என்று சொன்னதோடு சரி. அவள் மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டுச் சீருக்குப் போயிருந்தாள். செடிக்குத் தண்ணி மட்டும் ஊத்திருங்க என்றாள். மறந்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் கொஞ்சம் வெளிச்சத்தோடு வீடு வந்தவர் பார்த்தால் மொத்த வரிசையும் சுருண்டு அழுக்கு ஊதாவாக நிற்கிறது. குழந்தையை யாரோ ஒப்படைத்துவிட்டுப் போய் அது கையில் செத்துப்போன மாதிரி இருந்தது. வாடினதை அவள் கண்ணில் காட்டக்கூடாது என்று ஒன்று விடாமல் கிள்ளி எருக்குழியில் போட்டு மேலே மண்ணைத் தள்ளினார். வந்தவளிடம் காட்டெருமை மேஞ்சுருச்சு என்றார். அவள் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். இலையெல்லாம் பத்திரமாக இருந்தது. காம்பெல்லாம் நகத்தால் கிள்ளின மாதிரி நறுக்கென்று இருந்தது. "அப்படிங்களா" என்றாள். எழுந்து உள்ளே போய்க் காப்பி வைத்தாள். ரிட்டயரான பிறகு, செடி மறுபடி பூத்து, ஒரு சாயங்காலம் எல்லாம் மூடிக்கொண்டு, விடிந்ததும் எல்லாம் ஒன்றும் நடக்காத மாதிரி விரிந்து நின்றபோதுதான் தான் கிள்ளிப் போட்டது உயிரோடு இருந்த பூக்களை என்று இவருக்குத் தெரிந்தது. அவள் பக்கத்திலேயே டம்ளரோடு நின்றிருந்தாள். சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய விஷயம்தான், கொலைக் குற்றமா என்ன. வாய் வரவில்லை. இப்படித்தான் ஒவ்வொன்றும் வாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போகிறது, அதனால்தான் இன்றைக்கு விட்டுவிடக்கூடாது. இன்றைக்குச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். இங்கயே இரு, வசந்தா. அவ்வளவுதான். அதையும் மூன்று நாளாக உருட்டிக்கொண்டிருக்கிறார். இரு என்றால் அதிகாரம் பண்ணுகிற மாதிரி இருக்கிறது. இருக்கறயா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல இடம் கொடுத்துவிடுகிறது. எனக்கு முடியல என்று ஆரம்பித்தால் ஹேமா டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவாள். பூவைப் பார்த்தால் அவளே புரிந்துகொள்வாள், முன்வாசல் முழுக்கப் பூவாக இருக்கிற வீட்டில் ஒருத்தன் எதற்காகக் காத்திருக்கிறான் என்று தெரியாதா, வாக்கியமே தேவைப்படாது என்றுதான் நம்பியிருந்தார். பூ பேசிவிடும் என்று. அந்தப் பூ இப்போது வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

வெயில் இருக்கிற இடம் இனி ஒன்றுதான். மேலே ரோடு வளைகிற இடத்தில் மலை கொஞ்சம் விலகி நிற்கும், கேத்திப் பள்ளத்தாக்கு திறந்துகொள்ளும். அங்கே மட்டும் சாயங்காலம்வரைக்கும் வெயில் நிற்கும், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அங்கேதான் போய் நிற்பார்கள். அங்கே கொண்டுபோய் வைத்தால்? வைத்தால் கார் வரும்போது முதலில் பூதான் தெரியும். வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே தெரியும். அவருக்கு ஒரு உற்சாகம் வந்துவிட்டது. குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு, ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டு, முதல் வாளியைத் தூக்கிக்கொண்டு படி ஏறினார். வீட்டிலிருந்து ரோட்டுக்குச் செங்குத்தான படி, அம்மிக்கல் மாதிரி ஒவ்வொன்றும் ஒரு உயரம். மூன்றாவது வாளிக்கு மூச்சு வாங்கியது. நான்காவதுக்கு நெஞ்சுக்குள் ஏதோ பிடித்தது. நின்றார். பிடித்தது விட்டது. இப்படி ஒன்று பிடித்து விடாமல் போனால் என்ன ஆகும் என்கிற நினைப்பு எங்கே போகப்போகிறது, வந்தது. கேத்தியில் ஒரு வாத்தியார் குளியலறையில் விழுந்து, பால் பாக்கெட் இரண்டு நாள் வாசலில் கிடந்த பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து திருமலைசாமி குளிக்கும்போது தாழ்ப்பாள் போடுவதில்லை. யார் வரப்போகிறார்கள், போட்டால் என்ன போடாவிட்டால் என்ன என்பது ஒரு பக்கம். யாராவது வந்தால் திறந்திருக்கட்டும் என்பது இன்னொரு பக்கம். வெளியே போய் வீடு திரும்பும்போது கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தடவை செருமுவார். உள்ளே யாரும் இல்லை என்று தெரியும். செருமாமல் நுழைந்தால் வீடு இன்னும் பெரிதாக இருக்கிறது. கட்டிலில் அவள் படுக்கிற பக்கத்தில் பழைய செய்தித்தாளை அடுக்கி வைத்திருந்தார், நேற்றுத்தான் எடுத்துப் பரணில் போட்டுவிட்டு, அவள் கம்பளியை வெயிலில் காயப்போட்டு உதறி மடித்து அந்த இடத்தில் வைத்தார். வைத்த பிறகு அந்தப் பக்கம் ஆள் இருக்கிற மாதிரியே ராத்திரி முழுக்க ஒதுங்கிப் படுத்திருந்தார். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது. பெங்களூருக்கு நீங்களும் வந்துருங்கப்பா என்று ஹேமா சொல்லாமல் இல்லை. போனார். பதினோராவது மாடி. பன்னிரண்டு நாள் இருந்தார். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருந்தது, குழந்தைக்குக்கூட வளர்கிற வேலை இருந்தது, வசந்தாமணிக்கு உட்கார நேரமில்லை, இவர் எங்கே உட்கார்ந்தாலும் யாராவது அந்த இடத்தைத் துடைக்க வந்தார்கள். வீட்டைப் பார்த்துக்க ஆள் வேணும் என்று சொல்லிக் கிளம்பி வந்தார். யாரும் பெரிதாகத் தடுக்கவில்லை. வசந்தாமணி பஸ்ஸுக்குச் சப்பாத்தி கட்டிக் கொடுத்தாள். அப்போது ஏதோ சொல்ல வந்தவள் மாதிரித்தான் இருந்தது, குழந்தை அழுதது.

பத்தையும் தடுப்புச் சுவரோரம் வரிசையாக வைத்தாயிற்று. கீழே குவிய ஆரம்பித்திருந்த பூக்கள் வெயில் பட்டதும் யோசித்து யோசித்து மறுபடி இதழை விட்டன. அவருக்குச் சிரிப்பு வந்தது. சின்னப் பிள்ளை அழுகையை நிறுத்தலாமா வேண்டாமா என்று பார்க்குமே, அந்த மாதிரி. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊட்டிக்கு ஏறிக்கொண்டிருந்தன, ஒவ்வொரு வெள்ளைக் காருக்கும் இவர் கழுத்து நீண்டது. ஒன்று ஓரம் கட்டி நின்றது. அவர்கள் இல்லை. கண்ணாடி இறங்கி, தெற்கத்திப் பேச்சில் ஒரு ஆள், "அண்ணாச்சி, பூச்செடி என்ன விலை?" என்றார். திருமலைசாமிக்குச் சுருக்கென்றது. "விக்கறதில்லைங்க." அந்த ஆள் தொட்டிகளைப் பார்த்தார், இவர் குல்லாயைப் பார்த்தார், மண் படிந்த கையைப் பார்த்தார். "பொறவு எதுக்கு ரோட்டுல வச்சிருக்கிய?" நியாயமான கேள்விதான். வண்டி போய்விட்டது, கேள்வி போகவில்லை. எதற்கு ரோட்டில் வைத்திருக்கிறாய், திருமலைசாமி. வீட்டுக்குள் வைத்துப் பார்க்க வேண்டியதை எதற்கு ரோட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய். வருகிறவள் வீட்டுக்குள் வருவாள் என்று உனக்கே நம்பிக்கை இல்லை, அதனால்தானே. இல்லை, வெயில் இங்கேதான் இருக்கிறது, அதனால்தான். இரண்டும் ஒன்றுதான். பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு, மூடுபனிதான், கிளம்பிக்கொண்டிருந்தது, கேத்தி வீடுகள் அடியிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. மஞ்சு மேலே வந்தால் வளைவு, வெயில் எதுவும் செல்லாது. வராதே என்றார் வாய்விட்டு. வண்டியை வரச் சொல்கிறோமா மஞ்சை வராதே என்கிறோமா என்று அவருக்கே ஒரு குழப்பம். இங்கயே இரு, வசந்தா. இங்கயே இருந்துக்கறயா. இங்கயே. கால் மரத்துப்போயிற்று. ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் சூடு இருந்தது.

அடுத்து வந்த ஒரு வெள்ளைக் கார் அவர்களுடையதுதான். வளைவில் திரும்பினது, தாண்டிப் போனது, போய் நின்றது, பின்னால் வந்தது. முன்சீட்டில் ஹேமா இறங்காமலே கதவைத் திறந்தாள்.

"அப்பா, இந்தக் குளிர்ல ரோட்டுல என்னங்கப்பா பண்றீங்க?"

மாப்பிள்ளை பரணி ஸ்டியரிங்கை விட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பா நெனைக்காதீங்க மாமா. டிராபிக்ல நல்லா மாட்டிக்கிட்டோம். ஊட்டியைத் தாண்டறதுக்கே இன்னும் எவ்வளவு நேரமாகுமோ. ஒம்போதுக்குள்ள கேட்டைத் தாண்டலீன்னா காட்டுக்குள்ள விட மாட்டாங்க, எனக்குக் காலைல ஆபீஸ் போயே ஆகணும். அடுத்த தடவை ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வர்றோம்."

"ஒரு வாய் சாப்புட்டுட்டு..." என்று ஆரம்பித்தார் திருமலைசாமி. சாதம் ஆறியிருக்கும் என்று நினைவு வந்தது.

பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. வசந்தாமணி. மடியில் பேத்தி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். வசந்தாமணி புதுக் கண்ணாடி போட்டிருந்தாள், முன்னைக்கு இளைத்திருந்தாள், தலையில் கல்யாணத்துப் பூ வாடிக் கிடந்தது. அவள் இவரைப் பார்க்கவில்லை. தொட்டிகளைப் பார்த்தாள். ஒரு முனையிலிருந்து மறு முனைவரைக்கும் மெதுவாக, எதையும் விட்டுவிடாமல் பார்த்தாள். பத்தும் நல்ல வெயிலில் முழுசாக விரிந்து நின்றன. அவர் நினைத்ததைவிட நன்றாகவே நின்றன. பிறகு முகத்தைத் திருப்பி, யாரோ ஒருத்தரிடம் கேட்கிற மாதிரி, "தொட்டி என்ன வெலைங்க?" என்றாள்.

அடையாளம் தெரியவில்லையா? குல்லாயை அவசரமாகக் கழற்றினார். அப்புறம்தான் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்ணோரச் சுருக்கம் தெரிந்தது. சிரிக்கிறாள். இரண்டு வருஷமாகப் போனில் கேட்ட குரலில் இல்லாத ஏதோ ஒன்று அந்தச் சுருக்கத்தில் இருந்தது.

"உங்களுக்குச் சும்மாவே தர்றனுங்க" என்றார், தாமதமாக.

"காட்டெருமை இப்பல்லாம் வர்றதில்லைங்களா?"

"வருது. வந்துட்டுப் போகுது. பூவத் தொடறதில்ல."

"நல்ல காட்டெருமைதான்" என்றாள்.

பரணி கடிகாரத்தைப் பார்ப்பதை இவர் பார்த்தார். ஹேமா, "அம்மா, நேரமாகுதுங்க" என்றாள், சத்தத்தைக் குறைத்து, குழந்தைக்காகவோ அப்பாவுக்காகவோ. இப்போதுதான். இப்போது இல்லையென்றால் எப்போதும் இல்லை. திருமலைசாமி ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "வசந்தா" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் அவர் சொல்லப்போவது என்னவென்று தெரிந்துவிட்ட ஒரு பயம் ஓடிப் போனது. மடியில் குழந்தை அசைந்தது, அவள் கை தன்னால் அதன் முதுகைத் தட்டியது.

"ஒண்ணு எடுத்துக்கறனுங்க" என்றாள் அவசரமாக. "அங்க பால்கனில வச்சுக்கலாம். அந்தப் பெயிண்ட் வாளி போதும், சின்னதா இருக்குது."

அவருக்குப் புரிந்துவிட்டது. இங்கே இருக்கப்போகிறவள் எதற்குத் தொட்டி கேட்கிறாள். அவள் வாயால் இல்லை என்று சொல்லவைக்காமல் விட்டதற்கு அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் போலவும் இருந்தது, வாளியைக் கீழே போட்டு உடைக்க வேண்டும் போலவும் இருந்தது. வாளியை எடுத்தார். டிக்கியில் கல்யாணச் சாமான் நிறைந்திருந்தது. கதவைத் திறந்து அவள் காலடியில், புடவைக் கரையில் மண் படாமல் தள்ளி வைத்தார்.

"நல்லா வெயில் படற பக்கமா வை. மேல் மண்ணு காஞ்சாத்தான் தண்ணி ஊத்தோணும், அடில தேங்குனா அழுகிப்போகும். முத்துன பூவ அப்பப்பக் கிள்ளி விட்டுரு, அப்பத்தான் அடுத்தது வரும். அங்க வெக்கையில கொஞ்ச நாள் பூக்காம நிக்கும், செத்துப்போச்சுன்னு விட்டறாத." மூச்சு விட்டார். பேச்சு நிற்கவில்லை, ஷிப்டு மாற்றும்போது அடுத்த ஆளிடம் மிஷினை ஒப்படைக்கிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. "சாயங்காலமானா மூடிக்கும். வாடிப்போச்சுன்னு நெனச்சுக் கிள்ளிப் போட்டறாத."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது. வசந்தாமணி வாளியைப் பார்த்தாள். காருக்குள் வெயில் இல்லை. அவள் காலடியில் ஒரு பூ அப்போதே மெல்ல இதழைத் தூக்க ஆரம்பித்திருந்தது.

"எனக்கு அது அப்பவே தெரியுமுங்க" என்றாள். வாளியைக் காலோரம் நகர்த்திக்கொண்டு, "குல்லாயப் போடுங்க. காது அடைச்சுக்கும்."

கண்ணாடி ஏறியது. கார் ஊட்டிப் பக்கம் திரும்பி, மற்றக் கார்களோடு சேர்ந்து, எது அவர்களுடையது என்று தெரியாமல் போனது. குல்லாயைப் போட்டுக்கொண்டார். மஞ்சு வளைவுக்கு வந்துவிட்டது. தடுப்புச் சுவரில் இருந்த வெயில் போனதைக்கூட அவர் பார்க்கவில்லை, ஒன்பது தொட்டியும் ஒன்றன்பின் ஒன்றாகக் குவிவதைத்தான் பார்த்தார். நடுவில் வாளி இருந்த இடத்தில் வட்டமாக ஈரம். அப்பவே தெரியும் என்றால், தெரிந்துகொண்டேதான் உள்ளே போய்க் காப்பி வைத்தாளா. தெரிந்துகொண்டேதான் பனிக்குச் சாக்குப் போடச் சொன்னாளா, இந்த ஆளிடமே. ராத்திரிக் குளிரில் இவற்றை ரோட்டில் விட முடியாது. ஏற்றினதையெல்லாம் இறக்க வேண்டும். ஒரு வாளியைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியில் கால் வைத்தார். பாதிப் படியில், யாரும் கேட்காதபோது, அந்த வாக்கியம் தானாக வாயில் வந்தது. "இங்கயே இரு, வசந்தா. எனக்குத் தனியா இருக்க முடியல." ஒரு சிக்கலும் இல்லாமல், நல்ல சத்தமாகவே வந்தது. மூடின பூக்கள் தாடையில் உரசின. கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் வழக்கம்போல ஒரு தடவை செருமிக்கொண்டு, விளக்கைப் போட உள்ளே போனார்.